சாலைக் கடைத்தெருவில் ஒரு திரை

சற்று நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சில்லறைக் கடைகளில் எண்முறைக் காட்சித்திரைகள் விளம்பர ஊடகமாக இயங்கும் விதத்தை ஆராய்பவன் நான். ஆய்வேட்டில் எழுத இடமில்லாத ஒரு பிழையை, என் சொந்தப் பிழையை, இங்கே எழுதி வைக்கிறேன்.

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீள்கிறது சாலைக் கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக்காலத்தில், திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக இங்கே கடை நடத்துகின்றனர். என் தாய்மாமாவின் பலசரக்குக் கடையும் அவற்றுள் ஒன்று.

மாமாவுக்கு ஒரு கவலை இருந்தது. 2018இல் மால் ஆஃப் டிராவன்கூர் திறந்தது; 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்தது. அங்கெல்லாம் சென்று வரும் இளைஞர்களுக்குத் தம் கடை இருண்டு தெரிகிறதோ என்று அவர் அஞ்சினார். ஓணத்திற்கும் ஆற்றுகால் பொங்காலைக்கும் வாசலில் பிளெக்ஸ் கட்டலாம் என்றால், பிவிசி பிளெக்ஸை 2019இலேயே கேரள அரசு தடைசெய்துவிட்டது. ஒருநாள் என்னிடம் கேட்டார்: “மக்கா, இதத்தானே நீ படிக்கே? நம்ம கடைக்கும் ஒரு ஸ்கிரீன் வச்சா என்ன?”

வைக்கலாம் என்றேன். வெறுமனே சொல்லவில்லை, படம் வரைந்து, இடம் குறித்து, ஒளிபரப்ப வேண்டியவற்றின் பட்டியலும் எழுதிக் கொடுத்தேன். ஓணச் சரக்குக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மாமா திரையை வாங்கினார். அதை மாட்டுவதற்குச் சுவரில் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கரும்பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றாட விலையை மலையாளத்திலும் தமிழிலும் எழுதும் பலகை அது. எழுதுபவர் கடையின் மூத்த பணியாளர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் சுண்ணக்கட்டி அவர் கையில் இருக்கிறது. பலகையை இறக்கச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஈரத்துணியால் துடைத்து, கொத்தமல்லி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

திரை ஒளிர்ந்தது. மூன்று மாலைகள் குறிப்பேட்டுடன் மூட்டைகளின் ஓரமாக அமர்ந்து கவனித்தேன். உள்ளே வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனைப் பார்க்கவேயில்லை. ஒரு சிறுவன் மட்டும் தாயின் கையைப் பிடித்தபடி வாய்பிளந்து நின்றான். மற்றவர்கள் நேரே தராசின் அருகே சென்று, “அண்ணாச்சி, இன்னு முளகினு எந்தா வில?” என்று கேட்டனர். அவர்களின் தலைக்கு மேல் அதே மிளகாய் பளபளவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

காரணங்களைக் கண்டறிவது கடினமாக இல்லை. வாசலைக் கடப்பவரின் கண் காலடியிலும் சரக்கிலும் இருக்கும். திரையோ கண்மட்டத்திற்கு வெகு உயரத்தில் இருந்தது. அறைக்குள் வைப்பதற்கென்று செய்த திரையின் ஒளி சில நூறு நிட் அளவே; தெரு வெயில் நேரே விழும் இடத்திற்கு இரண்டாயிரத்திற்கு மேல் வேண்டும். பகலெல்லாம் அது வெளிறிக் கிடந்தது. இவற்றைவிடப் பெரிய பிழை, காட்சிச் சுற்றின் நீளம். ஒரு சுற்று ஆறு நிமிடம்; அதில் விலை ஒரேயொரு முறை வரும். தராசின் முன் ஒருவர் நிற்பதோ இரண்டு நிமிடம்.

இவை எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல என்பதுதான் வெட்கம். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 1998இல் தன் கடைகளில் தொலைக்காட்சி வலையமைப்பைத் தொடங்கியபோது திரைகளைக் கூரையிலிருந்துதான் தொங்கவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றைக் கண்மட்டத்திற்கும், அடுக்குகளின் முனைக்கும், பணம் செலுத்தும் வரிசைக்கும் கொண்டுவர நேர்ந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பர்க் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வாங்க வந்தவர் அப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கும் அவருடைய அந்நேரத் தேவைக்கும் தொடர்புடைய செய்திக்கே அதிகம் செவிசாய்க்கிறார் என்கிறது. இவற்றையெல்லாம் என் இலக்கிய மீளாய்வு இயலில் எழுதியிருக்கிறேன். எழுதிய கையோடு, மாமாவின் கடையில் உதிரும் மிளகாயை ஓடவிட்டிருக்கிறேன்.

நான்காம் நாள் அண்ணாச்சியிடம் போய் அமர்ந்தேன். “வாறவங்க மொதல்ல எத அறியணும்னு நெனப்பாங்க?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். விடியலில் தேநீர்க்கடைக்காரர் வருவார். அவருக்குச் சர்க்கரையும் தேயிலையும். அந்தி சாயும்போது மீன் விற்றுத் திரும்பும் பெண்கள். அவர்களுக்கு வற்றலும் புளியும். ஞாயிற்றுக்கிழமை வடநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பருப்பும் கோதுமை மாவும். கர்க்கடகத்தில் மருந்துக் கஞ்சிக் கூட்டு, ஓணத்தில் வெல்லமும் சுக்கும், மண்டல காலத்தில் இருமுடிக்கு அவலும் மலரும் நெய்யும். பர்க் கூறிய வாங்குபவரின் ‘அந்நேரத் தேவை’ நாழிகை வாரியாக, மாதவாரியாக அவர் நாவில் இருந்தது. என் வினாநிரலில் ‘கடைப் பணியாளர்’ என்ற ஒரு கட்டத்திற்கு மேல் அவருக்கு நான் இடம் வைத்திருக்கவில்லை.

அதே வாரம், திரையை நிறுவியவர் மறுபடி வந்தார். பார்ப்பவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்பதைக் கணித்து அதற்கேற்ப விளம்பரத்தை மாற்றும் கேமரா ஒன்றைப் பொருத்தலாம் என்றார். நான் அவரிடம் கனடா நிகழ்வைக் கூறினேன். அங்குள்ள பேரங்காடிகள் சிலவற்றின் வழிகாட்டிப் பலகைகளுக்குள் மறைந்திருந்த கேமராக்கள் சுமார் 50 லட்சம் முகப்படங்களை உரியவர்களின் இசைவின்றித் திரட்டியிருந்ததை 2020இல் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர்கள் வெளிப்படுத்தினர். நம் நாட்டிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்றேன். அண்ணாச்சிக்குச் சட்டம் தேவைப்படவில்லை. “நான் அவங்க மொகத்தப் பாக்கேன், அவங்களும் என் மொகத்தப் பாக்காங்க. இது ஒளிஞ்சிருந்துல்லா பாக்கும்?” என்றார். மாமா கேமரா வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

திரை இப்போது தராசின் பக்கத்தில், கண்மட்டத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. அசையும் படங்கள் இல்லை. பெரிய எழுத்தில் இன்றைய விலை, இரு மொழியில்; காலையில் ஒரு பட்டியல், மாலையில் ஒன்று. அடியில் அந்த மாதத்துச் சரக்கு ஒன்று. அண்ணாச்சி சொல்லச் சொல்லக் கடைப் பையன் தட்டச்சு செய்கிறான். மக்கள் பார்க்கின்றனர், பார்த்துவிட்டு, விலையைக் கேட்காமல் தரத்தைக் கேட்கின்றனர். விற்பனை கூடியதா என்று கேட்பீர்கள். ஓணமும் அதே வேளையில் வந்துவிட்டமையால் திரையின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்ல இயலாது. ஆய்வாளனாக இதற்கு மேல் நான் உரிமை கோரக்கூடாது.

மனம் கேட்காமல் ஒருநாள், கரும்பலகையையும் எதிர்ச்சுவரில் மாட்டலாம் என்றேன். அண்ணாச்சி மறுத்தார். “வேண்டாம் தம்பி. ரெண்டு எடத்துல வெல எழுதினா என்னைக்காவது ஒருநாள் ரெண்டும் வேற வேறயா நிக்கும். அப்புறம் ஆளு எதையுமே நம்பமாட்டான்.” விளம்பரத்தின் நம்பகத்தன்மை குறித்து இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. எனினும் அவருடைய கையெழுத்து அந்தச் சுவரிலிருந்து போய்விட்டது. போகச் செய்தவன் நான். மழையில் மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில் மட்டும் பலகை மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறது. அப்போது அவர் எழுதும் ‘நல்லமிளகு’ என்ற சொல்லின் ‘ள’கரச் சுழியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

என் வினாநிரலை மாற்றியிருக்கிறேன். இனி ஆய்வுக்குச் செல்லும் ஒவ்வொரு கடையிலும் முதல் வினா இதுதான்: “இந்தத் திரை வருவதற்கு முன் இங்கே விலையை யார் சொன்னார்?” உங்கள் ஊர்க் கடைகளில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பலகையில் எதை முதலில் எழுதுவார், ஏன் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், அவர் அறிந்தது போதும்.