இரண்டாம் எண் பேருந்தில் ஒரு நாடு



ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தமிழாசிரியர்கள் கொடுக்கும் முதல் கட்டுரைத் தலைப்பு எதுவென்று பெற்றோர்களுக்கும் தெரியும். 'விடுமுறையில் நான் சென்ற இடம்.' இருபது ஆண்டுகளாக நானும் அதையே கொடுத்து வருகிறேன். மாணவரின் சொந்த அனுபவத்திலிருந்து எழுத்தைத் தொடங்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாளில் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தில் பிழை இல்லை. பிழை என்னுடையது.

இவ்வாண்டு நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், தான் சென்னைக்கு விமானத்தில் சென்றதாக எழுதியிருந்தான். "விமானத்தின் சன்னலைத் திறந்து மேகத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது ஈரப் பஞ்சுபோல இருந்தது" என்பது அவன் வரி. நான் மகிழ்ந்துபோனேன். என்ன அழகான உவமை! உடனே அதை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். அடுத்த நொடியே ஒரு குரல் எழுந்தது. "ஆசிரியரே, விமானத்துச் சன்னலைத் திறக்க முடியாது!" வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்தவன், மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை.

இடைவேளையில் அவனை அழைத்துப் பேசினேன். அவன் விமானத்தில் ஏறியதே இல்லை. தந்தை இரவு நேரத்தில் டாக்சி ஓட்டுபவர். தாயார் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்கிறார். "எங்கும் போகவில்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று நினைத்தேன், ஆசிரியரே" என்றான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

அதே வாரத்தில் ஆசிரியர் அறையில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோழி ஒருவர் ஆண்டிறுதி விடுமுறைக்கு மேற்கு ஆஸ்திரேலியா செல்லத் திட்டமிட்டிருந்தார். பெர்த்திலிருந்து மார்கரெட் ரிவர் வரை காரிலேயே செல்வார்களாம். திராட்சைத் தோட்டங்கள், மது வடிக்கும் இடங்கள், பாலாடைக்கட்டி, குகைகள், வானுயர்ந்த காரி மரக்காடுகள். அவர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தேன். மூன்று பத்திகள் போட்டிருந்தார்: என்ன உண்பது, என்ன பருகுவது, எங்கே நடப்பது. ஒரு நாட்டை நாவாலும் காலாலும் அறிந்துகொள்ளும் திட்டம்! அந்தத் தாளின் வடிவத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டு சென்றேன். சென்று வந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டாம். செல்ல விரும்பும் ஒரு நாட்டுக்குத் திட்டம் போடுங்கள் என்றேன். இதில் யாரும் பொய் சொல்லத் தேவையில்லை அல்லவா?

ஜப்பான் என்றார்கள், சுவிட்சர்லாந்து என்றார்கள். நம் மாணவன் கையை உயர்த்தினான். "ஆசிரியரே, சிங்கப்பூரும் ஒரு நாடுதானே?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சற்று வெட்கமாக இருந்தது.

ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. இதில் என்ன பயணம் என்று கேட்கலாம். ஆனால் நான் குடியிருக்கும் கேலாங்கின் சிம்ஸ் அவென்யூவில் நின்றால் 2ஆம் எண் பேருந்து வரும். கேலாங் செராய், பிடோக், தானா மேரா வழியாகத் தீவின் கிழக்கு முனையான சாங்கி வில்லேஜ் வரை அது செல்கிறது. அங்கிருந்து படகேறினால் புலாவ் உபின். அந்தப் பேருந்தின் வழித்தடத்தையே எங்கள் பயணத்திட்டமாக வைத்துக்கொண்டோம்.

உண்பதற்கு முதல் நிறுத்தம் கேலாங் செராய் சந்தை. 'செராய்' என்றால் மலாய் மொழியில் எலுமிச்சைப்புல். ஒரு காலத்தில் அந்தப் புல் இங்கே தோட்டமாக விளைந்திருக்கிறது. தென்னந்தோப்புகளும் இருந்தன. 'கேலாங்' என்னும் பெயரே ஆலையைக் குறிக்கும் 'கிலாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தேங்காய் ஆட்டிய ஆலைகளாம். எதுவாயினும், இன்றைய சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் தேங்காய் இல்லாத தட்டைக் காண்பது கடினம்! தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், தேங்காய்ப்பாலும் மரவள்ளியும் சேர்ந்த பிங்கா உபி. (என் பாட்டி மட்டும் இறுதிவரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அதை மட்டுமே தின்று பிழைத்தவர் அவர். நாங்கள் விரும்பிக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.)

சாலையைக் கடந்தால் ஹேக் ரோட்டில் புட்டு பிரிங் கிடைக்கும். 'பிரிங்' என்றால் தட்டு. அரிசிமாவுக்குள் தென்னங்கருப்பட்டியை வைத்து ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலுடன் தருவார்கள். "இது நம் புட்டு, ஆசிரியரே!" என்றாள் ஒரு சிறுமி. அப்படியானால் புட்டு மாயம் என்ன என்று கேட்டேன். இடியாப்பம் என்று கூடிக் கத்தினார்கள். நம் சொல் மலாய் அடுக்களைக்குள் போய், உருவம் மாறி, நம்மிடமே விலைக்கு வருகிறது! இதைப் பாடநூலில் படிப்பதைவிட வாயில் வைத்து உணர்வது மேல். கருப்பட்டி உருகி நாக்கைச் சுடும் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பருகுவது என்ற பத்தியில்தான் சிக்கல் வந்தது. தோழியின் தாளில் அங்கே திராட்சைமது இருந்தது. நம் நாட்டின் மது எது என்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். இளநீர், கரும்புச்சாறு, தே தாரிக் என்று சொல்லி நழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எண்பதைக் கடந்த அவர், "கள்ளை ஏன் விட்டாய்?" என்றார்.

நம் முன்னோர்கள் இங்கே சாலை போட்டும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் வாழ்ந்த காலத்தில், அவர்களுக்காகவே கள்ளுக்கடைகள் இருந்தன. 1970களின் இறுதியோடு அவை மறைந்தன. தாத்தா சம்பள நாளில் அங்கே போய்விட்டு வருவார் என்பதை எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா அன்றுதான் சொன்னார். சம்பளத்தில் பாதி அங்கே போய்விடும் என்றும், பாட்டி வாசலில் காத்திருப்பார் என்றும் சொன்னார். சற்றுப் பொறுத்து, "ஆனால் அவர் பாடியதை அந்த ஒரு நாளில்தான் கேட்டிருக்கிறேன்" என்றார்.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? மறைக்கவும் மனமில்லை, புகழவும் மனமில்லை. மரத்திலிருந்து தொடங்கினேன். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். அதுவே கள். இன்னும் விட்டுவைத்தால் புளித்துக் காடியாகிவிடும். புட்டு பிரிங்கின் நடுவில் இருக்கும் இனிப்பும், தாத்தாவின் சம்பளத்தைத் தின்ற கள்ளும் ஒரே பாளையிலிருந்து வந்தவை என்று முடித்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. நம் மாணவன் தன் தாளில், பருகுவது என்ற பத்தியில், 'இளநீர் (கள் இப்போது இல்லை)' என்று எழுதினான்.

இதற்கிடையில் ஒரு தாயாரிடமிருந்து செய்தி வந்தது. "கேலாங்கிற்கா பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள், டீச்சர்?" அவர் கேட்டதில் தவறில்லை. கேலாங் என்றதும் சில லோரோங்குகளின் பெயரே பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பது ஆண்டுகளாக நான் இங்கே குடியிருக்கிறேன். கேலாங் ஈஸ்ட்டில் சிவன் கோயில் மணி கேட்கிறது; டுரியான் பருவத்தில் தெருவே மணக்கிறது; மூத்தவர்கள் காப்பிக்கடையில் அமர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். "காலை நேரத்தில் நீங்களும் உடன் வாருங்கள்" என்று பதில் எழுதினேன். வருகிறேன் என்றிருக்கிறார். இது பள்ளிப் பயணம் அன்று. ஒரு சனிக்கிழமை, பெற்றோருடன் சேர்ந்து போகும் குடும்ப உலா.

நடப்பதற்கு உபின். அங்கே சென்ற பலர் கடல் நிரம்பியிருக்கும் வேளையில் போய், வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவில் கடல்நீர் அரை மீட்டருக்கும் கீழே வற்றும்போதுதான் அடியிலிருக்கும் உலகம் தெரியும். கடற்புல், நட்சத்திர மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு. ஆகவே எங்கள் திட்டம் கடல் ஏற்றவற்ற அட்டவணையிலிருந்து தொடங்கியது. நாள் பார்த்து, நேரம் பார்த்து, பின்னாலிருந்து கணக்கிட்டோம். படகுத்துறையிலிருந்து செக் ஜாவாவுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடை. சாங்கியிலிருந்து செல்லும் படகுக்குக் கால அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் புறப்படும். கணக்குப் பாடமும் கூடவே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செக் ஜாவாவை மண்ணிட்டு மூடி நிலமாக்கும் திட்டம் இருந்தது. மக்களும் ஆர்வலர்களும் அதன் உயிர்வளத்தை எடுத்துக்காட்டிக் குரல் கொடுத்த பிறகு, 2001 டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் மரப்பாலம் அமைந்தது. பக்கத்தில் 1930களில் கட்டப்பட்ட ஆங்கிலேயப் பாணி வீடு ஒன்றும் உண்டு. அதில் குளிர்காயும் கணப்பு அடுப்பு வேறு! நம் ஊர் வெயிலில் அதை யார் மூட்டினார்களோ?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். இருவாச்சி. பல பத்தாண்டுகள் சிங்கப்பூரில் காணாமற்போயிருந்த அந்தப் பறவை 1990களில் உபினில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் அமர்ந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு இடைவெளி மட்டும் இருக்கும். ஆண் பறவை அதன் வழியே உணவு ஊட்டும்.

இதைச் சொன்ன மறுநாள் நம் மாணவன் ஒரு தாளை நீட்டினான். மதிப்பெண்ணுக்காக எழுதியது அன்று. 'இருவாச்சியின் சன்னல் மிகச் சிறியது. அதையும் திறக்க முடியாது. ஆனால் அப்பா அதன் வழியே பழம் கொடுப்பார்' என்று எழுதியிருந்தான். இம்முறை அதை வகுப்பில் படிக்கலாமா என்று அவனிடம் முதலில் கேட்டேன். யோசித்துவிட்டு, "போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு படியுங்கள், ஆசிரியரே" என்றான்.

அவன் தந்தை இரவுப் பணி முடித்து நேராகச் சாங்கி வில்லேஜ் படகுத்துறைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் காலை 6.30 மணிக்குச் சிம்ஸ் அவென்யூ நிறுத்தத்தில் கூடுகிறோம். கடல் வற்றும் நேரத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு மேல் தாமதிக்க முடியாது. அவ்வளவு காலையில் புட்டு பிரிங் கிடைக்காது என்பதால் அதைத் திரும்பும் வழிக்கு மாற்றிவிட்டோம். தொப்பியும் தண்ணீரும் மறவாமல் கொண்டு வாருங்கள். படகுக்குச் சில்லறையும் வேண்டும்.