ஹாஸ்டல் அறைக்கு ஆறு பெட்டியா?

பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதென்றால் முன்பெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், அவ்வளவுதான். இப்போது அவர்கள் நீட்டும் ஜாபிதாவே வேறு. திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்ததும் வராததுமாக, "அம்மா, ரூமுக்கு ஒரு சரவுண்ட் ஸ்பீக்கர் செட் வாங்கணும். மூணு பேரும் சேர்ந்து படம் பார்ப்போம். தாத்தா கொடுத்த பணம் அப்படியே இருக்கு" என்று ஆரம்பித்தான்.

பாட்டுக் கேட்கிற வயசு, எப்படி வேண்டாம் என்பது? நானும் இந்தத் தரங்கம்பாடியில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள்தானே! ஆனால் எங்கள் வீட்டில் காது விஷயம் கொஞ்சம் கவலையான விஷயம். என் வீட்டுக்காரர் ஒரு ரைஸ் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். காதை அடைத்துக்கொள்ள அங்கே யாரும் எதுவும் கொடுத்ததில்லை. இப்போது கடல் இரைச்சல் அவருக்குக் கேட்கிறது. மகளின் கொலுசுச் சத்தம் கேட்பதில்லை. நாம் பேசுகிற குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை சும்மா தலையை ஆட்டிவிடுவார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடம்.

காது டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றனவாம். பெரிய சத்தத்தில் நாள்கணக்காக இருந்தால் அவை செத்துப்போகும், திரும்ப முளைக்காது. மருந்து மாத்திரை கிடையாது. மெல்லிய கீச்சொலிகள்தான் முதலில் போகும். மில் சத்தமானாலும் சினிமாப் பாட்டானாலும் காதுக்கு ஒன்றுதான். ஆகவே, "எந்த செட் நல்லது?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மயிலாடுதுறைக்குப் பஸ் பிடித்தோம். (ரயில் இருந்த ஊர்தான் எங்களுடையது, 1980-களில் அது நின்றுபோனது.) முதல் கடையில் ஒரு செட்டைக் காட்டி, "5000 வாட் பி.எம்.பி.ஓ. மேடம்" என்றார் விற்பனைப் பையன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மிக்சியே 750 வாட். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1150 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. கையகலப் பெட்டி 5000 வாட் எங்கிருந்து தரும்? பி.எம்.பி.ஓ. என்பது விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் எண். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். தொடர்ந்து தரக்கூடிய நிஜ சக்தி அதுதான். பையன் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அறுபது" என்றான்.

அடுத்த கடையில் நல்ல 5.1 செட் இருந்தது. ஐந்து பெட்டி, அதோடு அடித்தொனிக்கு 'சப்வூஃபர்' என்று தடியாக ஒன்று. முன்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று, வசனத்துக்கு நடுவில் ஒன்று, காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்து மழைச் சத்தம் போட்டுக் காட்டினார்கள். பொய் சொல்வானேன், தலைக்குப் பின்னால் நிஜமாகவே மழை பெய்தது!

"சரிடா, உன் ரூமை வரைஞ்சு காட்டு" என்றேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்று கட்டில், மூன்று மேஜை, ஒரு அலமாரி. கட்டில்கள் சுவரோடு ஒட்டியிருக்கின்றன. பின்பெட்டி இரண்டையும் எங்கே வைப்பது? ஒன்று நண்பனின் தலைமாட்டில் வந்தது, இன்னொன்று கதவுக்குப் பின்னால். நடுவில் இருக்கிற ஒருவனுக்குத்தான் மழை சரியாகப் பெய்யும். தலைமாட்டில் பெட்டி இருக்கிறவனுக்கு ஒரே காதில் இடி. தரையெல்லாம் ஒயர் வேறு.

அந்தத் தடிப்பெட்டி சமாசாரமும் உண்டு. அடுத்த தெருக் கல்யாணத்தில் ஸ்பீக்கர் போட்டால் நம் வீட்டுக்குப் பாட்டு வராது, 'டும் டும்' மட்டும் வரும், கவனித்திருக்கிறீர்களா? அடித்தொனி சுவரைத் தாண்டிப் போகும். மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்ன செய்வான்? 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் கல்விக்கூடங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலம் ஆக்க இடம் கொடுத்திருக்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் அளவு.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே, "ரெண்டு பெட்டி போதும்மா" என்றான். மேஜைமேல் வைக்கிற சின்ன ஜோடி ஒன்று, காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று எடுத்தோம். வாங்குமுன் ஒரு சோதனை செய்தேன். பழகிய பாட்டைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து, வார்த்தை புரிகிறதா என்று கேட்டேன். மட்டமான பெட்டி குறைந்த சத்தத்தில் முணுமுணுக்கும். அதனாலேயே கை தானாகக் கூட்டப் போகும். ஹெட்போனும் அப்படித்தான். வெளிச்சத்தத்தைத் தடுக்கிறதாக இருந்தால் குறைத்து வைத்தே கேட்கலாம். கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: லீவுக்குக் கொண்டுவந்தால் துணி போட்டு மூடி வையுங்கள். உப்புக் காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சீட்டில் எழுதி அவன் பெட்டிக்குள் வைத்தேன். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். செல்போனில் அளந்து பார்க்கச் செயலிகள் உண்டு, தோராயமாகத்தான் காட்டும். அது இல்லாவிட்டாலும், கைநீளத்தில் இருப்பவனிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் போன் செய்தான். இரவு ஒன்பதரைக்குப் பெட்டியை நிறுத்துவது என்று மூவரும் பேசி வைத்திருக்கிறார்களாம். மீதிப் பணத்தில் இன்னொரு ஹெட்போன் வாங்கித் தீபாவளிக்குக் கொண்டுவரப் போகிறானாம். "டி.வி.யில மாட்டிட்டா அப்பாவுக்கு வசனம் புரியும்மா, தெருவுக்கே கேட்கற மாதிரி வைக்க வேண்டாம்." எந்த அளவில் வைக்கலாம் என்று டாக்டரைக் கேட்ட பிறகுதான் மாட்டுவது என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை இவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.