கோபுரத்துக்கு மேலே அடிக்கும் காற்று

மதுரையிலிருந்து தென்காசி பஸ்ஸில் வந்தால், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் மலை கூடவே வரும். ஆடியில் உச்சி தெரியாது. கேரளத்துப் பக்கமிருந்து ஏறிவரும் மேகம் முகட்டில் படுத்துக் கிடக்கும். இந்தப் பக்கம் இறங்கியதும் கரைந்துபோகும். மழையை அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்காற்றாக இறங்குகிறது தென்மேற்குப் பருவம்.

ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், முடங்கியார் சாலைப் பக்கம் ட்ரோன் விடப் போகிறேன், வாங்க என்றார். அப்போதுதான் விடிந்திருந்தது. கண்மாய்க் கரையில் மாவிலைகூட அசையவில்லை.

“கீழ இப்படித்தாண்ணே இருக்கும்.”

முன்னால் மாந்தோப்பு, பின்னால் மலை. இதுதான் அவர் கேட்ட படம். அதற்கு ட்ரோன் எங்களுக்குக் கிழக்கே போய், மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். போகும்போது காற்றே தள்ளிவிடும். வருவதுதான் பாடு.

நூறு மீட்டர் உயரத்தில் திரையில் காற்று எச்சரிக்கை வந்தது. ஸ்டிக்கை முழுக்கத் தள்ளியும் ட்ரோன் மூக்கைக் கவிழ்த்து நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. தூரம் கூடக் கூட பேட்டரி இறங்கியது. தம்பி ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பொத்தானைத் தொடவில்லை. “செட் பண்ணுன உயரம் இதவிட ஜாஸ்திண்ணே. அமுக்குனா மொதல்ல மேல ஏறும், அங்க காத்து இன்னும் மோசம்.” நேராகக் கீழே இறக்கினார். தென்னந்தலைகளுக்குச் சற்று மேலே வந்ததும் அது முன்னேறத் தொடங்கியது.

கால் கிலோகூட இல்லாத சின்ன ட்ரோன்கள் பல, வினாடிக்குப் பத்து மீட்டரை ஒட்டிய காற்றைத்தான் தாங்கும். மணிக்கு 36 கிலோமீட்டர். ஆடியில் முகட்டைத் தாண்டி வரும் காற்றுக்கு அது பெரிய வேகமில்லை. அதுவும் சீராக வருவதில்லை. கலுங்கில் விழுந்த தண்ணீர்போலப் புரண்டு சுழன்று வரும். தரை, மரம், வீடு எல்லாம் உரசித் தடுப்பதால் கீழே அதன் வேகம் தெரிவதில்லை. காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புகிற மாதிரி படத்தைத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம். ஆனால் இங்கே மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். 2021-இல் அறிவிக்கப்பட்டது; வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே பறக்கவிட முடியாது.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஆடிப்பூரத் தேருக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. காற்று உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் ஆண்டாளுக்குத் தேர். மேலிருந்து படம் கேட்காத ஆளில்லை. கோபுரம் பதினோரு நிலை, 192 அடி. 2021 ட்ரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் அனுமதிக்கும் 400 அடி, இதில் இரண்டு கோபுர உயரத்தைத் தாண்டும். அத்தனை பெரிய கோபுரத்தில் மோதும் காற்று அதன் பின்புறம் சுழலும். கீழே ரத வீதி முழுக்க வடம் பிடிக்கும் ஜனம். அனுமதியே கிடைத்தாலும் அங்கே ட்ரோனை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பியும் ஏற்றப்போவதில்லை. ரத வீதியில் ஒரு மொட்டை மாடியைப் பேசி முடித்துவிட்டார். வாடகை வேண்டாமாம், வீட்டுக்காரர் பேத்தி காதுகுத்துக்கு வீடியோ எடுத்துத் தந்தால் போதுமாம்.