மலையேறும் வண்டிக்குப் பின்பலம்

விரைவு என்றவுடன் மக்கள் இயந்திரத்தையே எண்ணுகின்றனர். குதிரைவலு எவ்வளவு என்று கேட்போர் பலர். சக்கரம் நிலத்தைப் பற்றி நிற்கின்றதா என்று கேட்போர் மிகச் சிலர். மலைநாட்டாராகிய நமக்கோ இவ்வுண்மை புதிதன்று. வெறுமையாக வரும் கொழுந்து லொறி கல்லுக்குக் கல் துள்ளுவதையும், அதே லொறி கொழுந்துச் சாக்குகளைச் சுமந்து தொழிற்சாலைக்குத் திரும்புகையில் அமைதியாகச் செல்வதையும் வட்டகொடையில் நாள்தோறும் காண்கிறோம். சுமைக்கு மிஞ்சிய வன்மை வில்லில் இருந்தால், சக்கரம் பாதையில் நில்லாது துள்ளும்.

மலைப்பாதையில் மோட்டார் வண்டியை விரைந்து ஏற்றும் போட்டி நமது பகுதிக்குப் பழையது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையில் அது 1934ஆம் ஆண்டு முதன்முதலாக நடைபெற்றது. நமது நிலையத்திலிருந்து புகையிரதம் ஏறினால் கிரேட் வெஸ்டனை அடுத்து வரும் ரதெல்லையிலும் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். மேலே சேர எடுத்த நேரமே வெற்றியைத் தீர்மானிக்கும். துரைமார் காலத்தில் தொடங்கிய அவ்விளையாட்டை நம்மவர் நெடுங்காலம் பாதையோரத்தில் நின்றே பார்த்து வந்தனர்.

அவ்வாறு நின்று பார்த்த குடும்பம் ஒன்றில் பிறந்தவன் என் பழைய மாணவன். இப்பொழுது கராஜ் ஒன்றில் வேலை செய்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கி, அதற்கு வலிமை மிகுந்த வேறோர் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தான். சென்ற ஆயுத பூசைக்கு மறுநாள், சந்தனப் பொட்டு அழியாத அவ்வண்டியுடன் என்னிடம் வந்தான். "சேர், மேடு ஏறும்போது பின்பக்கம் உதறுகிறது. கையில் இருக்கிற காசு ஒரு வேலைக்குத்தான் காணும். எதைச் செய்யட்டும்?" என்று கேட்டான்.

அன்று மாலையே அவனுடைய தாயாரும் வந்தார். கொழுந்து பறித்து அவனைப் படிக்க வைத்தவர். "நீங்கள் சொன்னால் கேட்பான், சேர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். மகன் வேண்டியது வழி. தாய் வேண்டியது தடை. இளைஞனின் ஆசையைத் தடுப்பதினும் அதற்கு அறிவைத் துணையாக்குவதே ஆசிரியன் கடமை எனத் துணிந்து, "தடுக்க மாட்டேன் அம்மா, ஆனால் வண்டி ஒழுங்காகும் வரை ஓட விடவும் மாட்டேன்" என்று கூறினேன்.

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959இல் வந்த மினி வண்டியையும் ஆக்கியவர். மைனரின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அவ்வச்சைத் தகட்டு விற்கள் தாங்குகின்றன. வலிமை குறைந்த பழைய இயந்திரத்திற்கு அவ்வமைப்புப் போதுமானது. புதிய இயந்திரத்தின் முறுக்கு விசை மிகும்போது, அச்சுத் திரும்ப முயன்று வில்லைப் பாம்புபோல் வளைக்கிறது; வில் மீண்டும் நிமிர்கிறது. இது மாறி மாறி நிகழ்வதால் சக்கரம் நிலத்தைத் தட்டித் தட்டி எழுகிறது. அவன் கூறிய உதறல் இதுவே.

நண்பர்கள் அவனுக்குக் கூறிய யோசனைகள் பல. மேலும் இரண்டு தகடுகள் சேர்த்து வில்லை வன்மையாக்கு என்றார் ஒருவர். அது வெறும் லொறியின் கதையாகும். இரு பின்சக்கரங்களையும் பிணைக்கும் சாய்வுத்தடுப்புக் கம்பி பூட்டு என்றார் மற்றொருவர். வளைவில் வண்டி சாய்வதை அது குறைக்கும்; ஆனால் உட்சக்கரத்தின் சுமையையும் குறைத்துவிடும். பின்சக்கரமே உந்தும் வண்டியில், ஏற்றத்துக் கொண்டையூசி வளைவில், அச்சக்கரம் வீணே சுழலும். வண்டியை மிகத் தாழ்த்து என்றார் வேறொருவர். தாழ்த்தினால் நிலைபெறும் என்பது மெய்யே. ஆயினும் வில் அசைய இடம் இல்லாது போனால், குழியில் விழும்போதெல்லாம் அச்சு அடித்தட்டில் மோதும்.

வில்லின் நீட்சி விசைக்கு ஏற்ப அமையும் என்ற விதியை ரொபட் ஹூக் 1678இல் வெளியிட்டார். வில் சக்தியைச் சேமிக்குமேயன்றி அழிக்காது. சேமித்ததைத் திருப்பித் தரும்போதுதான் துள்ளல் பிறக்கிறது. அச்சக்தியை வெப்பமாக்கி ஆற்றுவது, கராஜ்களில் 'ஷொக்' என வழங்கும் அதிர்வுதாங்கியாகும். ஆதலால் நாங்கள் ஒரு வரிசை வகுத்தோம். முதலில் தேய்ந்த இறப்பர் புஷ்களை மாற்றி, வில்லை அச்சுடன் பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்குவது. அடுத்து, பழைய நெம்புகோல் வகை அதிர்வுதாங்கிகளை நீக்கிக் குழாய் வகையைப் பொருத்துவது. அதன் மேற்பிடி உறுதியான சட்டத்தில் அமைய வேண்டும். மூன்றாவதாக, அச்சுத் திரும்பாதபடி அதனை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் இரண்டு தாங்குதண்டுகள். இவற்றைத் தன் கையாலேயே செய்துவிடலாம் என்றான். வாங்க வேண்டியவை புஷ்களும் அதிர்வுதாங்கிகளுமே. கையிலிருந்த காசு அதற்குப் போதுமாயிருந்தது.

வேலை முடிந்ததும் ஆளில்லாத தோட்டப் பாதையொன்றில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். உதறல் நின்றிருந்தது. அதே இயந்திரம், அதே டயர். ஆனால் வலு முழுவதும் இப்பொழுது நிலத்தைச் சேர்ந்தது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவைப் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகியதால் ஏழு உயிர்கள் பறிபோனதை நாம் மறத்தல் கூடாது. ஓட்டுபவனின் துணிவுக்கு விலை கொடுப்பவர் சில வேளை பாதையோரத்தில் நிற்பவரே. ஆகவே தலைக்கவசம், இருக்கைப்பட்டை, உருளினும் நசுங்காத கூண்டு ஆகியவை இல்லாமல் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று அவனிடம் வாக்குப் பெற்றேன். கூண்டுக்குப் பணம் சேர இன்னும் ஓராண்டு ஆகும். காத்திருக்க அவன் இசைந்துவிட்டான்.

தாயார் முழு மனத்தோடு சம்மதித்தார் என்று கூற முடியாது. ஆயினும் சென்ற வாரம் அவ்வண்டியிலேயே மகனுடன் தலவாக்கலைச் சந்தைக்குச் சென்று வந்தார். "முன்னைப்போல் தூக்கிப் போடவில்லை, சேர்" என்றார். மாணவச் செல்வங்களே, பாடப்புத்தகத்து வில்லும் விசையும் பரீட்சைக்கு மட்டும் உரியவை என எண்ணற்க.