சுகர் ஊசிக்கு 175 புடவை... அம்மா போட்ட கணக்கும், நாங்கள் கேட்ட கேள்விகளும்!

வெயிட்லாஸ் ஊசி பற்றி எந்தச் செய்தி போட்டாலும் எங்கள் டெஸ்க்கில் ஒரு விஷயம் நடக்கும். கட்டுரை லைவ் ஆன அரை மணி நேரத்தில், "இது மாசத்துக்கு எவ்ளோ ஆகும்?" என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எப்படி வேலை செய்கிறது, என்ன பக்கவிளைவு என்பதெல்லாம் அப்புறம்தான். விலைதான் முதல் கேள்வி.

2025 ஆகஸ்ட்டில் அதே கேள்வியை நானும் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 53 வயது. திண்டிவனத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது எனச் செய்கிறார். சுகர் வந்து 12 வருடங்கள் ஆகின்றன. எடை 82 கிலோ. இரண்டு வேளை மாத்திரை போட்டும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.4-ல் நின்றது. பெரும்பாலானவர்களுக்கு அது 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள்.

"வாரத்துக்கு ஒரு ஊசிம்மா. சுகரும் குறையும், வெயிட்டும் குறையும்" என்று சொல்லி மவுன்ஜாரோ என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போல வேலை செய்கிற மருந்து அது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும், பசியைக் குறைக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

2025 மார்ச்சில் அந்த ஊசி இந்தியாவுக்கு வந்தபோது, 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் முதல் நான்கு வாரத்துக்கு 14,000 ரூபாய். அடுத்து டோஸ் கூடினால் நான்கு வாரத்துக்கு 17,500 ரூபாய்.

அம்மா எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான், "ஒரு புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சா 80 ரூபா. அப்போ 175 புடவை அடிக்கணும்டி. மாசத்துக்கு 40 புடவை வந்தாலே பெருசு" என்றார். அதோடு அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

வருஷத்துக்கு 13 மாசம்!

எனக்கு முடியவில்லை. அன்று இரவு நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த ஊசிகளில் 'ஒரு மாதம்' என்பது 28 நாள். வருடத்துக்கு 52 வாரம் என்றால், 12 இல்லை, 13 'மாதம்'. முதல் நான்கு வாரம் 14,000, மீதி 12 முறை 17,500. மொத்தம் 2,24,000 ரூபாய்.

அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தம்பி இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். நான் சென்னையில் ஹாஸ்டல் வாடகை கொடுத்தது போக வீட்டுக்கு அனுப்புகிறேன். இதில் இரண்டே கால் லட்சம் எங்கேயிருந்து வரும்?

தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சம்பாதிப்பதால் நாங்கள் அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால், அந்த வரம்பைவிட ஊசியின் விலை ஒரு லட்சம் அதிகம். நம் ஊரில் நடுவில் நிற்கிற குடும்பங்களின் நிலைமை இதுதான்.

இன்ஷூரன்ஸ் இருந்துமா?

என் ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸில் அம்மா, அப்பா பெயரும் இருக்கிறது. ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தேன். "அட்மிட் ஆனாத்தான் மேடம் கிளெய்ம். மெடிக்கல்ல வாங்குற மருந்துக்குக் கிடையாது" என்றார்கள். பெரும்பாலான பாலிசிகள் இப்படித்தான். புறநோயாளி செலவுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கும் வரம்பு உண்டு.

பாலிசி பத்திரத்தை எடுத்துப் படித்தேன். உடல் பருமனுக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விதி எல்லா ஹெல்த் பாலிசிகளுக்கும் பொதுவானது. அதற்கு ஒரு விலக்கும் இருக்கிறது. பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து, கட்டுக்குள் வராத சுகர் போன்ற தீவிரப் பிரச்னைகளும் இருந்தால் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். அதிலும் ஒரு நிபந்தனை, மற்ற எளிய வழிகளை முயன்று தோற்றிருக்க வேண்டும். அந்த 'எளிய வழி'க்கு ஆகும் பணத்தை மட்டும் நாம்தான் கட்ட வேண்டும்!

அம்மாவின் பிஎம்ஐ 34. அந்த விலக்குக்கும் ஒரு படி கீழே.

சுகர் முற்றி கால் புண்ணாகி அட்மிட் ஆனால் லட்சக்கணக்கில் கிளெய்ம் கிடைக்கும். கால் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துக்கு ஒரு ரூபாய்கூட கிடைக்காது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ அட்மிட் ஆகுற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றாங்களா?" என்றார் கோபமாக.

டாக்டரிடம் கேட்ட மூன்று கேள்விகள்

அடுத்த வாரம் அம்மாவை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, "இந்த ஊசி எத்தனை நாளைக்கு?" டாக்டர் மழுப்பவில்லை. "நிறுத்துனா பலனும் குறையும். பிரஷர் மாத்திரை மாதிரின்னு வெச்சுக்கோங்க" என்றார். இது உண்மைதான். செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்திருந்தது. அதாவது, கடன் வாங்கி நான்கு மாதம் போட்டுவிட்டு நிறுத்தினால், கடன் மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, "இப்பவே போட்டே ஆகணுமா, வேற வழி இருக்கா?" அம்மாவுக்கு இதய நோயோ, சிறுநீரகப் பாதிப்போ இல்லை. அதனால், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். கூடுதல் சர்க்கரையை சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்த பிறகே எழுதினார். நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

மூன்றாவது, "அதுக்கு எவ்ளோ ஆகும்?" இதற்கான பதிலில்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. அந்த மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்ததும் ஏராளமான இந்திய நிறுவனங்கள் தயாரிக்க ஆரம்பித்தன. இப்போது 10 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன்பு வந்திருந்தால் அதையும் எங்களால் வாங்கியிருக்க முடியாது.

பழைய மாத்திரைகளை பிராண்ட் பெயரில் வாங்குவதை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு முதல்வர் மருந்தகத்தில் வாங்க ஆரம்பித்தோம். 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க 1,000 இடங்களில் திறந்தார்களே, அதுதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் இதேபோல. அதில் மிச்சமான காசே புது மாத்திரையின் செலவில் பாதியை ஈடுகட்டிவிட்டது. இரவு சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினோம். மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நிமிடம் நடை என்று அப்பா மொபைலில் அலாரம் வைத்தார். முதல் வாரம் அம்மா அலாரத்தைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

டிசம்பரில் ஹெச்பிஏ1சி 8.1. எடை 79. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் போதாது.

விலை இறங்குகிறது... காத்திருக்கிறோம்!

இதற்குள் வெளியிலும் நிறைய மாறியது. செப்டம்பரில் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. அதே மாதம் உலக சுகாதார நிறுவனம், தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த வகை மருந்துகளைச் சேர்த்தது. நவம்பரில் எடைக்குறைப்புக்கான வீகோவியின் விலையைக் குறைத்தார்கள். டிசம்பரில் சுகருக்கான ஒஸெம்பிக் இந்தியாவுக்கு வந்தது. ஆரம்ப டோஸ் நான்கு வாரத்துக்கு 8,800 ரூபாய், அடுத்த டோஸ் 10,170 ரூபாய்.

"இப்போ 110 புடவை" என்றார் அம்மா. கணக்கை அவர் மறக்கவே இல்லை.

ஒஸெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைட்தான். இந்தியாவில் அதன் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். டாக்டர் ரெட்டீஸ், சன் ஃபார்மா, ஸைடஸ் என்று பல நிறுவனங்கள் அதற்குத் தயாராகின. மவுன்ஜாரோவுக்கு இன்னும் பல வருடங்கள் காப்புரிமை இருக்கிறது. அதனால், எங்கள் பார்வை செமாக்ளூடைட் மீதுதான். மாத்திரையில் விலை இறங்கியது போல ஊசியில் அப்படியே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஊசி தயாரிப்பு சிரமமானது, பேனாவுக்கும் செலவு உண்டு. ஆனால், இறங்கும்.

இந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. இதயம், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களுக்கு இந்த ஊசியின் அவசரம் வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் தேவைப்படுபவர்கள் ஊசி விலை குறையட்டும் என்று இன்சுலினைத் தள்ளிப்போடவே கூடாது. அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. வெளியில் வாங்கினாலும் இன்சுலினுக்கு அரசின் விலைக் கட்டுப்பாடு உண்டு. இந்தப் புது ஊசிகளுக்கு அது இல்லை.

இன்ஸ்டாகிராமில் 'பாதி விலை' என்று வருபவற்றையும் நம்ப வேண்டாம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கூரியரில் வெயிலில் கிடந்து வருவது என்ன நிலையில் இருக்கும், உள்ளே இருப்பது அந்த மருந்துதானா என்பதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதே சட்டவிரோதம். காசை மிச்சம் பிடிக்க வாரத்துக்கு ஒன்றை பத்து நாளுக்கு ஒன்றாக இழுப்பதும் வேண்டாம்.

இன்னொரு தகவல். உங்கள் பெற்றோர் 60 வயதைத் தாண்டியவர்களாக, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களாக இருந்தால், அவர்களுக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவை, பழைய வரிமுறையில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். பணமாகக் கொடுக்காமல் கார்டு, யுபிஐ மூலம் செலுத்தி பில்லை வைத்திருங்கள்.

அம்மா பெயரில் ஓர் ஆர்.டி

இந்த ஆறு மாதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மருந்து விலை இல்லை. எங்கள் வீட்டு பட்ஜெட் நோட்டில் தம்பி ஃபீஸ், அப்பா கடை வாடகை, வண்டி டியூ எல்லாம் இருந்தது. அம்மாவுக்கென்று ஒரு வரிகூட இல்லை. மாத்திரைக் காசைக்கூட தையல் காசில் அவரே வாங்கிக்கொண்டிருந்தார். '14,000 ரூபாய்' என்று கேட்டதும் அவர் அவ்வளவு சீக்கிரம் 'வேண்டாம்' என்றதற்கு அதுதான் காரணம்.

செப்டம்பரில் அம்மா பெயரில் வங்கியில் ஓர் ஆர்.டி ஆரம்பித்தோம். மாதம் 3,000. நான் 1,500, அப்பா 1,000, தம்பி ட்யூஷன் எடுத்து 500. "அவன் காச ஏண்டி வாங்குற?" என்று அம்மா சண்டை போட்டார். தம்பி கேட்கவில்லை. இந்த மாதத்தோடு 18,000 சேர்ந்திருக்கிறது. ஊசி ஆரம்பித்தால் நடுவில் நிற்கக் கூடாது, அதனால் விலை எங்கள் கைக்கு எட்டும்போது ஆரம்பிப்பது என்று டாக்டரோடு பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதுவரை சுகர் மறுபடி ஏறினால் இன்சுலின். அம்மா அதற்கும் தலையாட்டியிருக்கிறார், அரை மனதாக.

அடுத்த டெஸ்ட் மார்ச் கடைசியில். அதற்குள் எங்கள் தெருவில் இரண்டு பேர், "என்ன கேள்வி கேட்டே, எழுதிக் குடு" என்று அம்மாவிடம் வாங்கிப் போயிருக்கிறார்கள்.