இடுப்பைச் சுற்றி ஒரு கிளிங் ஃபிலிம்

பாடி ராப்பைப் பழிக்கிற கட்சியில் நான் இல்லை. இப்போதும் தோன்றும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்கிறேன். அன்றைக்கு இன்ச் டேப்பை மட்டும் தொடுவதில்லை.

தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு அனார்கலி தைக்க வேண்டியிருந்தது. அளவு கொடுக்கும் முன் இடுப்பைக் கொஞ்சம் குறைத்துவிட ஆசை. பாடி ராப்புக்குப் பார்லரில் சொன்ன தொகைக்கு இன்னொரு துணியே எடுத்துவிடலாம் என்று வீட்டிலேயே இறங்கினேன். முல்தானி மட்டி, டிகாக்‌ஷன் இறக்கிய காபி மண்டி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். குழைத்து வயிறு, இடுப்பு, தொடையெல்லாம் பூசி, மேலே கிளிங் ஃபிலிமை இறுக்கிச் சுற்றி, அதற்கும் மேலே போர்வை. மே மாதம், ஃபேனையும் நிறுத்தியாயிற்று. அசைந்தால் சரசரவென்று சத்தம். வியர்வை தொடையிடுக்கில் வழிந்து, மண்டியைக் கரைத்துக்கொண்டு பாய்க்கு இறங்கியது. எட்டிப் பார்த்த அம்மா, “உன்னைப் பெத்தப்போ பாட்டி பழைய வேட்டியைக் கிழிச்சு எனக்கு வயித்தைக் கட்டிவிட்டாங்க. அதுல மூச்சாவது விட முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கழுவிவிட்டு அளந்தால் ஒரு இன்ச்சுக்கு மேல் குறைந்திருந்தது! அந்தச் சூட்டோடு டெய்லரிடம் ஓடினேன். அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. “காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு எல்லாருக்கும் இருக்கும்க்கா. வயிறாரச் சாப்பிட்டுட்டு நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள் பழைய அளவேதான்.

போனது தண்ணீர். ஒரு லிட்டர் வியர்த்தால் எடையில் ஒரு கிலோ இறங்கும், குடித்தால் ஏறிவிடும். இறுக்கிக் கட்டிய சதை கொஞ்ச நேரம் அமுங்கி இருக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோ கொழுப்புக்குள் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அது தோல் வழியாக உருகி வடியாது. உடம்பில் 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது என்று 2014-இல் ஒரு மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மிச்சம் தண்ணீர்.

ஆனால் தோல் வழவழப்பானது பொய்யில்லை. எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஈரத்தை வெளியே விடாததால் மேல்தோல் ஊறி மிருதுவாகிறது, மண்டி சொரசொரப்பைத் தேய்த்தெடுக்கிறது. தொடையில் விழும் குழிகள் வேறு விஷயம். தோலை உள்ளே பிடித்து இழுக்கும் நார்களுக்கு நடுவே கொழுப்பு பிதுங்குவதால் வருபவை அவை. ஒல்லியான பெண்களுக்கும் உண்டு. தோல் ஊறியிருக்கும் கொஞ்ச நேரம் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், பிறகு தெரியும்.

பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு வியர்ப்பதில் எனக்கு இப்போது பயமும் உண்டு. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடையைக் குறைக்க வியர்வை உடுப்போடு சூட்டில் பயிற்சி செய்து இறந்தார்கள். வியர்வை காற்றில் உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? கர்ப்பிணிகளும், பி.பி., இதயக் கோளாறு உள்ளவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

நான் இப்போது ஃபிலிமை விட்டுவிட்டேன். பூசி, ஈரக் காட்டன் துண்டைத் தளர்வாகச் சுற்றி, ஃபேனுக்கடியில் அரை மணி நேரம், பக்கத்தில் ஒரு சொம்பு மோர். கழுவும்போது ஜலதாரையில் வலை போட்டுக்கொள்ளுங்கள். மட்டியும் மண்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், பார்லரில் மிச்சம் பிடித்த காசு பிளம்பருக்குப் போய்விடும்.