நாலு பக்கமும் டெட்ராய்ட்

ஹாம்ட்ராமிக். மிச்சிகன் மாநிலம். 5.4 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். நாலு பக்கமும் டெட்ராய்ட். ஒரு ஓரத்தில் மட்டும் ஹைலண்ட் பார்க் என்று இன்னொரு குட்டி ஊர்.

தனி மேயர். தனி போலீஸ்.

நடந்து போகும்போது எல்லை தெரிவதில்லை. காலி மனைகள் குறைந்து வீடுகள் நெருக்கியடிக்க ஆரம்பித்தால் ஊர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மர வீடுகள். குறுகல் மனை. சில இடங்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

1910. டாட்ஜ் சகோதரர்கள் கார் ஆலைக்கு இங்கே இடம் பார்த்தார்கள். டெட்ராய்ட் எல்லைக்கு வெளியே, வரி குறைவு. அந்த வருடம் மக்கள் 3,559. 1920இல் 48,615. பெரும்பாலும் போலந்துக்காரர்கள்.

1922இல் நகரமாகப் பதிந்துகொண்டார்கள். டெட்ராய்ட் தன்னோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆலை கட்டும் வரி கைவிட்டுப் போகக் கூடாது.

1930: 56,268 பேர். அதே 5.4 சதுர கிலோமீட்டரில். எங்கே படுத்தார்கள்?

இப்போது ஒரு வீட்டின் பின்கட்டு. வங்கதேசத்துக் குடும்பம். பழைய இரும்புக் குழாய், நைலான் கயிறு, அதன்மேல் சுரைக்கொடிப் பந்தல். ஒரு காய் கனத்துத் தொங்க, காம்பு அறுந்துவிடாமல் பழைய துணியால் தூளி கட்டியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாதா சிலை. ஒரு கொடி வேலி தாண்டிப் போயிருந்தது. யாரும் வெட்டவில்லை.

டாட்ஜ் ஆலை 1980இல் மூடியது. இடித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலைக்கு அந்த இடம் போதவில்லை. பக்கத்தில் டெட்ராய்டின் போல்டவுன் பகுதியையும் எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், தேவாலயங்கள்.

எடுக்கலாம் என்றது மிச்சிகன் உச்ச நீதிமன்றம், 1981இல். அந்தத் தீர்ப்பு தவறு என்றது அதே நீதிமன்றம், 2004இல். வீடுகள் போய் 23 வருடம்.

ஆலை வளாகத்துக்குள் ஒரு யூத மயானம் இருக்கிறது. பெத் ஓலம். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் திறப்பார்கள்: பஸ்கா பண்டிகைக்கு முன்பு ஒன்று, யூதப் புத்தாண்டுக்கு முன்பு ஒன்று. உயிரோடு இருந்தவர்களைக் கிளப்ப முடிந்தது. இவர்களை முடியவில்லை.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய். பூன்ச்கி வாங்க விடியும் முன்பே வரிசை. எண்ணெயில் பொரித்து ஜாம் அடைத்த உருண்டை. பிப்ரவரிக் குளிர், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். வரிசையில் முக்காடு போட்ட அம்மா ஒருவர், கையில் இரண்டு காலிப் பைகள். பேரன்களுக்காம்.

2004. பாங்கு ஒலிபெருக்கியில் ஒலிக்கலாமா என்று ஊரே வாக்களித்தது. ஒலிக்கலாம். காலை 6 முதல் இரவு 10 வரை. சர்ச் மணி எப்போதும்போல.

கோனன்ட் சாலைக்கு பங்களாதேஷ் அவென்யூ என்று இன்னொரு பெயர். ஐஸ் பெட்டியில் இலிஷ் மீன், வெள்ளி வெள்ளியாக.

வங்காள மொழியிலும் வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2011இல் ஏற்பாடு வந்தது.

இதையும் எழுத வேண்டும். 1968இல் போட்ட வழக்கு. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பர்கள் குடியிருந்த வீடுகளாகப் பார்த்து இடித்தது இந்த நகராட்சி. 1971இல் நீதிபதி டேமன் கீத் அதைத் தீர்ப்பாகவே எழுதினார். ஈடாக 200 வீடு கட்டித் தருவதாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்கள். 2010இலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டை இழந்தவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாவி வாங்கினார்கள்.

ஒரு பழைய பேஸ்பால் மைதானம், 1930இல் கட்டியது. கறுப்பின வீரர்களை வெள்ளையர் அணிகள் சேர்க்காத காலம். அவர்களுடைய டெட்ராய்ட் ஸ்டார்ஸ் அணி இங்கே ஆடியது. பக்கத்துப் பூங்காவில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட்.

ஏறக்குறைய நூறு வருடம் போலந்து வம்சாவளி மேயர்கள்தான். 2021 தேர்தலில் வென்றவர் ஏமனில் பிறந்த ஆமிர் காலிப். அந்தத் தேர்தலுக்குப் பின் நகர மன்றத்திலும் எல்லோரும் முஸ்லிம்களாக இருந்தார்கள்.

2023இல் அதே மன்றம், நகராட்சிக் கம்பங்களில் வானவில் கொடி பறக்கக் கூடாது என்றது. புதிதாக வந்தவர்களுக்குத் துணை நின்ற சிலருக்கு அது வலித்தது. எனக்கும் வலிக்கிறது.

ஊரின் மக்கள்தொகை 2010: 22,423. 2020: 28,433. மறுபடி ஏறியது.

ஹைலண்ட் பார்க். அதுவும் டெட்ராய்டின் வயிற்றுக்குள்தான். அங்கே ஒரு காலத்தில் ஃபோர்டு ஆலை. நகரும் வரிசையில் கார் செய்ய 1913இல் ஆரம்பித்தது அங்கேதான். 1930இல் 52,959 பேர். 2020இல் 8,977.

2011இல் மின்கட்டணப் பாக்கிக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை மின் நிறுவனம் கழற்றிக்கொண்டு போனது. அணைக்கவில்லை, கழற்றியே விட்டார்கள். இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

பிறகு குடியிருப்பவர்களே சேர்ந்து சூரிய ஒளி விளக்குகள் நட ஆரம்பித்தார்கள். அதைப் போய்ப் பார்க்க வேண்டும், பனி கொட்டும் மாதத்தில்.